மடவைக்கு ஆகாத பிராஞ்சு ஒயின்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். சின்ன வயதில் கொஞ்ச நாள்தான் மணலில் விரலால் எழுதிப் படித்தேன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்னும் தடுமாறுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோட்டைக் குசினியில் சமைக்கவும் பரிமாறவும் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ஒயினைப் பற்றிக் கேட்கிறார்கள். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் கோட்டையில் உலாந்தா தேசத்துத் துரை வீட்டில் மேஜை வேலை பார்ப்பவன். கோப்பையில் ஊற்றுவதும் தட்டு எடுப்பதும் என் பொறுப்பு. ஒரு மார்கழியில் பிராஞ்சு தேசத்துச் சிவப்பு ஒயின் ஒரு பீப்பாய் கப்பலில் வந்தது. சிவப்பு என்று பெயர்தான், ஊற்றினால் கறுப்பு. கோப்பையின் அடி தெரியாது. மோந்தால் நாவல்பழமும் புகைந்த கட்டையும் போல வாசனை. வாயில் விட்டால் நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும். வலைக்குத் துவர் ஏற்றப் பட்டை காய்ச்சுவோமே, அந்தத் தண்ணீரின் துவர்ப்பு.

பீப்பாயை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது என் அக்கா புருஷன் கங்கனின் படகு. மறுநாள் மதியம் கப்பல் கப்பித்தானுக்கு விருந்து. துரையின் மனைவி துரைசானி சொன்னபடி ஏரி நண்டும் பொரித்த மடவை மீனும் முதலில் வைத்தோம். துரை மடவையை ஒரு வாய் தின்றுவிட்டு ஒயினை ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"த்தூ! துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி இருக்கு!"

கப்பித்தானும் நண்டைத் தின்று, குடித்து, துப்பினார். "என் கப்பல்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தது. படகுக்காரன் பாதியைக் குடிச்சிட்டுக் கடல் தண்ணியை ஊத்தி நிரப்பிட்டான்!"

அவர்கள் பாஷை எனக்கு மேஜை அளவுக்குப் புரியும். கோட்டைச் சரக்கில் கை வைத்தால் சவுக்கடி. படகையும் பிடுங்கிக்கொள்வார்கள். அக்கா வீட்டுச் சோறு அந்தப் படகில்தான் இருந்தது.

கப்பித்தானைத் திரும்பக் கப்பலில் விடுவதற்காக மச்சான் குசினிப் பின்புறம்தான் காத்திருந்தார். சிப்பாய் போய் இழுத்துவந்தான்.

"நீ ஊத்தின தண்ணியை நீயே குடி" என்று துரை கோப்பையை நீட்டினார்.

மச்சான் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னா துரை இது! அப்படியே வழுக்கினு எறங்குது. இத்தப் போயி கெட்டுப்போச்சின்னு சொல்றீங்களே! இன்னோரு கோப்பை ஊத்தச் சொல்லுங்க."

திருடிய பிறகும் திமிரா என்று கப்பித்தான் மேஜையைக் குத்தினார். துரைசானி மட்டும் மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நம்மைப் போலத்தான் பேசுவார்.

"இன்னா தின்னுட்டு வந்தே நீ?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. பச்சத் தண்ணி கூட..."

"மீசையில எண்ணெ வழியுது."

மச்சான் மீசையைத் துடைத்தார். துரைசானி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

அந்த மேஜை முன் அதுவரை நான் வாய் திறந்ததில்லை. சொன்னால் சமையல்கார அந்தோணி அண்ணனுக்கு அடி, சொல்லாவிட்டால் மச்சானுக்கு.

"வாத்துக் காலுங்கம்மா. அந்தோணி அண்ணன் குடுத்தாரு."

"அடப்பாவி மச்சான்!" என்றார் கங்கன்.

மீனுக்குப் பிறகு வைப்பதற்காக வறுத்திருந்த ஏரி வாத்து அது. அந்தோணி அண்ணன் தட்டோடு வந்தார். வேர்த்துக் கொட்டியது.

"ஒரு காலு தானாவே வுழுந்துட்டுதும்மா."

"நொண்டி வாத்தப் பாத்துப் புடிச்சியா?" என்றார் துரைசானி. கொழுப்பு சொட்டும் தோலைப் பிய்த்துத் தின்றார். ஒயினைக் குடித்தார். சிரித்தபடி கணவர் வாயில் ஒரு துண்டை வைத்தார். துரை தின்று குடித்தார். "ஆ!" என்றார். பிறகு மடவையைத் தின்று குடித்தார். "த்தூ!" மறுபடி வாத்து, "ஆ!" கப்பித்தானும் சேர்ந்துகொண்டார். ஆவும் த்தூவும் மாறி மாறிக் கேட்டன. வாசலில் நின்ற சிப்பாய் வரைக்கும் சிரித்துவிட்டான்.

"பீப்பா மேல தப்பில்ல, மீனு மேலயும் தப்பில்ல. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்ச நான்தான் தப்பு" என்றார் துரைசானி.

யாருக்கும் அடி விழவில்லை. மச்சானுக்கு இரண்டாவது கோப்பையை நானே ஊற்றினேன். சாயங்காலம் கப்பித்தான் தானும் ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவர் பாஷையில் பாடியபடியே கப்பலுக்குப் போனார். மச்சானும் விடாமல் நம் பாஷையில் பாடினார்.

அதற்குப் பிறகு நான் பார்த்துத் தெரிந்துகொண்டது இதுதான். இந்த ஒயினின் முரட்டுத் துவர்ப்பைக் கொழுப்புதான் அடக்கும். வாத்து, கொழுத்த ஆட்டுத் தொடை, ஈரல், பழைய பாலாடைக்கட்டி எல்லாம் சேரும். மிளகு கொஞ்சம் போடலாம். மிளகாய் கூடினால் வாய் எரியும். நண்டு, மடவை, கருவாடு பக்கம் கொண்டுபோகவே கூடாது. குடிப்பதற்கு வெகு நேரம் முன்பே வாய் அகன்ற கூஜாவில் ஊற்றிக் காற்றாட வைத்தால் முரடு கொஞ்சம் தணியும். கோப்பையில் ருசி கெட்டிருந்தால் முதலில் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆளைச் சந்தேகப்படுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பழவேற்காடு, விக்கிரம வருஷம், ஐப்பசி மாதம் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை.