கன்டெய்னர் வந்த நாள்

எங்கள் தீவில் பிறந்த பிள்ளைகளிடம் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வயலிலிருந்து என்று சொல்ல மாட்டார்கள். கப்பலிலிருந்து என்பார்கள். என் சிறுவயதிலும் அப்படித்தான். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரத் தாமதமானால் அம்மா வைக்கும் குழம்பில் வெங்காயம் இருக்காது. "கடல்லயே யாரோ உரிச்சுத் தின்னுட்டாங்க போல" என்பார் அப்பா. நாங்கள் சிரிப்போம். துறைமுகத்தில் சங்கு ஊதியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியே வளர்ந்தேன். அந்த நம்பிக்கையைத்தான் என் மகளுக்கும் கொடுத்திருந்தேன். ஆனால் நான் எழுத வந்தது என் சிறுவயதை அல்ல, அவளுடையதை. அவளுக்கு அதில் பாதி மறந்துவிட்டது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

கொரோனா வந்த வருடம் அவளுக்கு ஏழு வயது. போர்ட் பிளேரில், லம்பா லைனில், ஒரு சந்தின் கடைசி வீட்டில் இருந்தோம். கணவரின் தம்பியும் எங்களோடு இருந்தார். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் இறங்கும் கன்டெய்னர்களை ட்ரெய்லர் லாரியில் ஏற்றிக் குடோன்களுக்குக் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டபோதும் அவருக்கு மட்டும் வெளியே போக பாஸ் கொடுத்திருந்தார்கள். அத்தியாவசியமான ஆள் என்று அதில் எழுதியிருந்தது. அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அண்ணி, இனிமே என்னை மரியாதையா கூப்பிடணும். நான் அத்தியாவசியம்" என்று சிரித்தார்.

கப்பல்கள் குறைந்தன. கடையில் முதலில் உருளைக்கிழங்கு போயிற்று, பிறகு வெங்காயம், பிறகு முட்டை. நான்கு பக்கமும் கடல் இருந்தும் மீன் வாங்க வழியில்லை. பருப்பும் பப்பாளிக்காயும் முருங்கைக்கீரையுமாக நாள் ஓடியது. என் மகளுக்கு முட்டை இல்லாமல் சோறு இறங்காது. தட்டின் முன் உட்கார்ந்து சோற்றை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருப்பாள். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்திருந்தது. ஜெட்டியிலிருந்து திரும்பும் சித்தப்பாவிடம் தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"சித்தப்பா, கன்டெய்னர் வந்துச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு பாப்பா. கப்பல்ல கோழி ஏறி உக்காந்து இப்பத்தான் முட்டை போடுது. போட்டு முடிக்கட்டும்."

சந்தில் எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள். எதிர்வீட்டு வங்காளப் பெண், என் மகள் சித்தி முறையில் மாசி என்று கூப்பிடுகிறவள், சன்னல் வழியாக, "பாய், ஜஹாஜ் கப் ஆயேகா?" என்று கப்பல் வரும் நாளைக் கேட்பாள். அவர் பதில் சொல்லும்வரை சன்னலைச் சாத்த மாட்டாள். ஒருநாள் தன் வீட்டு மரத்துப் பலாக்காயில் பாதியை வெட்டி அவருக்கென்றே கொடுத்தனுப்பினாள். அந்தச் சந்தில் அவ்வளவு மரியாதை அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டின் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த அறைக்குத் தானாகவே பாயை எடுத்துக்கொண்டு போனார். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்துவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். மகளிடம், சித்தப்பாவுக்கு லாரி ஓட்டி உடம்பு வலி என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சந்துக்குள் வந்து இந்தியில் ஏதோ அறிவித்தது. நான் பின்னறை வாசலில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, உள்ளே அவர் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஜி... ஜி சார்..." என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அதனால் வெளியே ஆட்டோ என்ன சொன்னது என்று நான் கவனிக்கவில்லை. என் மகள் கவனித்தாள். அவர்கள் சொன்னது கன்டெய்ன்மென்ட். இந்த இடத்தை அடைக்கிறோம், யாரும் வெளியே வரக் கூடாது என்று அர்த்தம். கரகரத்த ஒலிபெருக்கியில் அவள் காதில் விழுந்தது, அவளுக்குத் தெரிந்த வார்த்தை.

"கன்டெய்னர் வந்துருச்சு! மாசி, கன்டெய்னர் ஆ கயா!"

சந்து முனையில் இரண்டு பேர் மூங்கில் கட்டிக்கொண்டிருந்ததும் அவளுக்கு வசதியாகப் போயிற்று. ரேஷன் கடையில் வரிசைக்கு இப்படித்தான் மூங்கில் கட்டுவார்கள். அங்கே பெரியவர்கள் செய்வதுபோலவே எங்கள் பையைக் கொண்டுபோய் மூங்கிலுக்கு நேராக வைத்து, காற்றில் பறக்காமல் உள்ளே ஒரு கல்லையும் போட்டாள். பின்னால் சித்தப்பாவுக்கென்று அவருடைய சாப்பாட்டுப் பையை வைத்தாள்.

மாசி வாசலுக்கு வந்தாள். "அரே பேட்டி, சச் மே? கிஸ்னே போலா?"

நிஜமா, யார் சொன்னது என்று கேட்கிறாள். என் மகள் ஆட்டோ போன திசையைக் காட்டினாள். "மைக் மே போலா! மேரா சித்தப்பா கா கன்டெய்னர்!"

அந்தச் சந்தில் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் அந்த அறிவிப்பைக் கேட்டவர்கள்தான். ஆனால் பசித்த காதுக்குக் குழந்தை சொன்னதே சரியாகப் பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பை வந்தது. மாசி பழைய முட்டை அட்டை ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தாள். நான் வெளியே வந்தபோது பைகள் வரிசையாக நின்றன. ஆட்கள் தள்ளித் தள்ளி நின்று, பல நாளுக்குப் பிறகு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வெள்ளை வண்டி வந்தது. கையுறையும் முழு அங்கியும் போட்டவர்கள் இறங்கினார்கள். அவர்களைக் கண்டதும் வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. முட்டையை அவ்வளவு சுத்தமாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

"பீச்சே ஹட்டோ! சப் பீச்சே!" என்று, எல்லோரையும் பின்னால் போகச் சொல்லி ஒருவர் கத்தினார். பிறகு கொழுந்தனாரின் பெயரைச் சொல்லி, எந்த வீடு என்று கேட்டார்.

 எல்லோரும் எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். கொழுந்தனார் பின்னறையிலிருந்து வந்தார். லுங்கி, சட்டை, தோளில் ஒரு பை, முகத்தில் துணி. வண்டிக்குப் போக அந்தப் பைகளின் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொருவராக ஓடிவந்து தங்கள் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், அவர் நிழல் பட்டுவிடும் என்பதுபோல. மாசி முட்டை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள்.

"யஹீ கன்டெய்னர் லாயா தூ? ஹமாரே லியே யஹீ லாயா?"

எங்களுக்கு நீ கொண்டுவந்த கன்டெய்னர் இதுதானா என்று. அவளைச் சொல்லி என்ன, அவள் வீட்டிலும் இரண்டு குழந்தைகள். பலாக்காய் கொடுத்தனுப்பிய அதே மாசிதான் அவள்.

அவர் என் மகளைப் பார்த்து, தூரத்திலேயே நின்றார். மூச்சு வாங்கியது. துணிக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

"பாப்பா, கன்டெய்னர் ஜெட்டியில நிக்குது. டிரைவர் இல்லாம எப்புடி வரும்? அதான் என்னைக் கூட்டிட்டுப் போக வண்டி வந்துருக்கு. போயி அனுப்பி விடுறேன்."

"முட்டையா?"

"முட்டைதான். ஆனா மாசிக்கும் குடுக்கணும். குடுக்கலைன்னா அடுத்த தடவ வெறும் வெங்காயந்தான்."

அவள் தலையாட்டினாள். வண்டி போயிற்று. மூங்கிலை இறுக்கிக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு எதிர்வீட்டுச் சன்னல் திறக்கவில்லை. பக்கத்து வீட்டார் எங்கள் பக்கம் இருந்த துணிக்கொடியை அவிழ்த்து மறுபக்கம் கட்டினார்கள். யாரோ ஒரு பையன் மாடியிலிருந்து என் மகளைப் பார்த்து, "ஜூட்டி, ஜூட்டி" என்று பொய்க்காரி பட்டம் கட்டினான். அவள் அழவில்லை. "பாரு, எங்க சித்தப்பா அனுப்புவாரு" என்று அண்ணாந்து கத்தினாள். சாயங்காலங்களில் அவர் போன் செய்தார். "ஏத்தியாச்சு பாப்பா... வண்டி... கெளம்பப் போகுது." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இருமல். பிறகு வந்த நாட்களில் நாங்கள் கூப்பிட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் மூங்கிலுக்கு அந்தப்புறம் ஒரு வேன் வந்து நின்றது. அடைத்த சந்துகளுக்கு மட்டும் சாமான் கொடுக்கிறார்கள் என்றார்கள். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், வீட்டுக்கு ஒரு அட்டை முட்டை. அடைக்காத அடுத்த சந்துக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கென்ன, குடுத்துவச்சவங்க" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது.

முட்டையை அடுப்பில் வேக வைத்திருந்தபோது கணவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். தம்பியின் உடலைத் தர மாட்டார்களாம். ஒரே ஒருவர் வந்து தூரத்தில் நின்று பார்க்கலாமாம், அதுவும் அடைத்த சந்துக்கு வெளியே இருப்பவராக இருந்தால்.

என் மகளுக்கு ஒன்றும் தெரியாது. அட்டையில் பாதியை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"மாசி! அண்டா லோ! மேரா சித்தப்பா பேஜா!" முட்டை வாங்கிக்கோ, என் சித்தப்பா அனுப்பினார் என்று.

மாசி வீட்டுக்கும் ஒரு அட்டை வந்திருந்தது. இருந்தும் சன்னல் திறந்தது. அவள் என் மகளைப் பார்த்தாள், பிறகு கதவருகே நின்ற என் முகத்தைப் பார்த்தாள். எப்படியோ அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மகள் உள்ளே ஓடிவந்து தட்டின் முன் உட்கார்ந்தாள். நான் முட்டையை உரித்து வைத்தேன். சூட்டில் விரல் சுட்டது தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்ல. எல்லாரும் என்னைப் பொய்யின்னாங்க. சித்தப்பா அனுப்பிட்டாரு பாத்தியா?"

"ஆமாம்மா," என்றேன். "அவர்தான் அனுப்பினார்."

அந்த வீட்டில் அன்று சொல்லப்பட்டதிலேயே முழு உண்மை அதுதான். அவள் வாய் நிறைய மென்றுகொண்டே கேட்டாள்:

"நாளைக்கும் அனுப்புவாராம்மா?"