சிவப்பு நூல் கட்டிய டேப்

என் மேசை இழுப்பறையில் ஒரு தையல் டேப் கிடக்கிறது. மஞ்சள் நிறம் வெளுத்துவிட்டது. பதினோராவது சென்டிமீட்டரில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. ஆஸ்பத்திரியில் புது டேப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் யாருடைய முதுகை அளப்பதானாலும் என் கை இதைத்தான் தேடுகிறது. அருப்புக்கோட்டை மிளகாய் மண்டியில் மூட்டை சுமந்த ஒரு லோடுமேனின் மனைவி கொடுத்தது இது.

அந்த லோடுமேன் முதன்முதலாக வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். காலையில் முதுகு வலிக்கிறது என்றார். படித்த வரிசை மாறாமல் பார்த்தேன். சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்னால் நின்று தோள்கள் சமமாக இருக்கின்றனவா என்று கவனித்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை ஒவ்வொரு கணுவாக விரலால் அழுத்தி, "இங்க வலிக்குதா, இங்க?" என்று கேட்டேன். கடைசியில் "குனிங்க" என்றேன். மனிதர் காலை அகட்டி, கைகளை முட்டியில் ஊன்றி, முதுகைப் பலகையாக விரித்துக் கொடுத்து, "ம்... ஏத்துங்க டாக்டரம்மா" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த தட்டு ஆடியது. நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு முட்டியை மடக்காமல் தரையைத் தொடச் சொன்னேன். விரல் நுனி தரைக்கு மிக அருகில் போனது. சாதாரணச் சுளுக்கு என்று முடிவுகட்டி, மாத்திரை எழுதி, பத்து நாள் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து மனைவியோடு வந்தார். அந்தம்மா திருச்சுழிப் பக்கத்துக்காரர். பாளையம்பட்டியில் வீட்டிலேயே துணி தைப்பவர். எப்படி இருக்கிறது என்று கேட்டதும் "இப்பத் தேவலை" என்று ஆரம்பித்த கணவரை அந்தம்மா முடிக்க விடவில்லை.

"பொய் சொல்றாக டாக்டரம்மா. காலையில பாய விட்டு எந்திரிக்கவே அரை மணி நேரம் ஆகுது. முதுகு போச்சுன்னு தெரிஞ்சா லோடுமேன் செட்டுல வச்சுக்க மாட்டாகன்னு வெளிய மூச்சு விடல. நீங்க வேற படுக்கச் சொல்லிட்டீக. படுத்தா வலி கூடுது, மூட்டையத் தூக்குனாத்தான் கொறையுது. இன்னொண்ணு சொல்றேன். இவுக சட்டையெல்லாம் நான் தச்சது. எல்லாருக்கும் குனிஞ்சா முதுகுல துணி இழுக்கும். இவுகளுக்கு இழுக்கவே மாட்டேங்குது. முதுகு வளையவே இல்ல, இவுக குனியிறதெல்லாம் தொடை மடிப்புலதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஓய்வில் கூடி உழைப்பில் குறையும் முதுகுவலியைப் பற்றி நான் பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். கண்ணெதிரே வந்து நின்றபோது தெரியவில்லை. டேப்பைத் தேடினேன், அறையில் இல்லை. அந்தம்மா தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். இடுப்புக் குழிகளுக்கு நேரே பேனாவால் ஒரு கோடு, அதற்குப் பத்து சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு போட்டேன். நல்ல முதுகு என்றால் குனியும்போது அந்தப் பத்து, பதினைந்தாக விரிய வேண்டும். பதினொன்றோடு நின்றுவிட்டது. அந்தம்மாவும் எட்டிப் பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முதுகெலும்புக் கணுக்கள் மெல்ல மெல்ல இறுகிப்போகும் வாதநோயாக இருக்கலாம் என்று சொல்லி, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

கணவர் பயந்த விஷயத்தை என் பேனாவே மறுநாள் ஊருக்குச் சொல்லிவிட்டது. மண்டியில் சட்டையைக் கழற்றியதும் முதுகில் இரண்டு நீலக் கோடுகள். "ஏலே, ஒம் பொண்டாட்டி ஒனக்கு ரவிக்கைக்கு அளவெடுத்தாளா?" என்று ஒருவர் கேட்க, மண்டியே சிரித்திருக்கிறது. இவர் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் என் அறை வாசலில் ஐந்து லோடுமேன்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். "எங்களுக்கும் அளவெடுங்க!" ஒவ்வொருவராகக் காலை அகட்டி, "ஏத்துங்க" என்றார்கள். ஐந்து பேருக்கும் பதினைந்துக்குக் குறையவில்லை. அவர்களில் மூத்தவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "அவன் இனிமே தூக்க வேணாம் டாக்டரம்மா, மூட்டை வாயத் தைக்கட்டும். கோணூசி பிடிக்க முதுகு எதுக்கு?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, வரிசையை மறிக்க வேண்டாம், கிளம்புங்கள் என்று எல்லோரையும் விரட்டினேன்.

மதுரையிலும் அதே நோய்தான் என்றார்கள். மாத்திரை, தினமும் உடற்பயிற்சி, பாரம் கூடாது. திரும்பி வந்தபோது அந்தம்மா டேப்பில் சிவப்பு நூலை முடிந்து என்னிடமே கொடுத்துவிட்டார். "இதுக்குக் கீழ எறங்கிறக் கூடாது. எங்கிட்ட இருந்தா ரவிக்கை அளக்க எடுத்துருவேன்." வீட்டில் இப்போது ரெண்டு டெய்லர் என்று அவரே கேலியும் செய்துகொண்டார்.

அதிலிருந்து கணவனும் மனைவியும் வருஷம் தவறாமல் வருகிறார்கள். போன மாதமும் வந்தார்கள். கோடு போட்டேன். குனிந்தார். டேப்பை வைத்தேன். மேல்கோடு சிவப்பு முடிச்சைத் தாண்டிப் பதிமூன்றில் நின்றது. நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தேன். பதிமூன்றுதான். அந்தம்மா டேப்பை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பையிலிருந்து ஊசியும் பச்சை நூலும் எடுத்து, "சிவப்ப அவுத்துறவா?" என்றார். "வேணாம், அதுவும் இருக்கட்டும்" என்றேன். அவர் நூல் கோக்க, நான் வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறந்துவிட, தைக்கக் கொடுத்த என் ரவிக்கை எப்போது கிடைக்கும் என்பதுவரை பேச்சு போய்விட்டது.

"டாக்டரம்மா..." என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. அவரை நாங்கள் இருவருமே மறந்து போயிருந்தோம். அத்தனை நேரமும் முனகாமல், அப்படியே குனிந்து நின்றிருந்தார்.

"ஏத்தி முடிச்சாச்சுன்னா நிமிரவா?"