காலைக் காட்சிக்குப் போன வார்டர்

படம் நல்ல படம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எந்த நாட்டுப் படம் என்றுதான் திருவள்ளூரில் யாருக்கும் தெரியவில்லை. இங்கிலீஷ் இல்லை என்று இங்கிலீஷ் தெரிந்தவர்கள் சொன்னார்கள். முழுக்க ஜெயிலுக்குள்ளேயே நடக்கிற கதை. பாட்டு கிடையாது, காமெடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகப் போட்டார்கள்.

ஜெயில் வார்டர் பாக்கியநாதன் அதை விடுவாரா? சர்ச்சில் பூசை முடிந்த கையோடு மனைவி ஞானம்மாவையும் இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போய்விட்டார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஜெயில் விஷயம் எதையும் அவர் வீட்டில் பேசியதில்லை. அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தார்.

வசனம் புரியாமல் ஜனங்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். "இன்னாங்க சொல்றான் அவன்?" என்று ஞானம்மா கேட்டாள்.

"பீடி கேக்குறான். சோத்துத் தட்டுக்கு அடியில ஒளிச்சி வரும் பாரு."

வந்தது. முன்வரிசைக்காரன் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் சத்தமா சொல்லுண்ணே" என்றான். பாக்கியநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. எவன் ஆள்காட்டி, எவன் பிளேடை எங்கே மறைப்பான், எந்த வார்டர் காசுக்குக் கை நீட்டுவான் என்று நடப்பதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்து வரிசைகள் திரையை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தன.

பிறகு ஒரு கைதியைத் தனி அறைக்கு இழுத்துப் போனார்கள்.

"இப்போ மேல கம்பளியப் போத்துவானுங்க," என்றார் பாக்கியநாதன். "போத்திட்டு அடிச்சா ஒடம்புல தடம் விழாது. அடிக்கிறவன் மூஞ்சியும் அவனுக்குத் தெரியாது."

திரையில் கம்பளியைப் போர்த்தினார்கள். பின்னாலிருந்தவர்கள் பாக்கியநாதனுக்குக் கை தட்டினார்கள். ஞானம்மா தட்டவில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, ஜெயராஜ். கடம்பத்தூரில் இருந்தான். போன வருஷம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் செம்புக் கம்பி காணாமல் போக, அங்கே கூலிக்குப் போன அவனையும் சந்தேகத்தில் பிடித்து, மாமன் பாக்கியநாதன் வேலை பார்த்த ஜெயிலிலேயே அடைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போது தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று ஞானம்மா நிம்மதியாக இருந்தாள். கேஸ் நிற்கவில்லை. வெளியே வந்தவனுக்கு முதுகு போயிருந்தது. குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன் என்றான் அவன். மாமனும் அதையே சொன்னார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஜெயராஜ் மேலயும் கம்பளி போட்டாங்களா?"

"போட்டாங்க."

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

டியூட்டியில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் அந்தக் குற்றம் ஒரு வருஷமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது. மச்சானுக்குச் சலுகையா என்று மற்ற வார்டர்கள் கேலி பேச, "அப்போ நீயே ஆரம்பி" என்று மேலதிகாரி தடியை நீட்டினார். வேலை போய்விடுமோ என்று பயந்தார். கம்பளிதான் மூடியிருக்கிறதே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு தைரியமும் வந்தது. அந்தத் தைரியத்தை நினைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

"நாந்தான் மொதல்ல அடிச்சேன்."

ஞானம்மா நாலு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு திருவாலங்காட்டில் இருந்த அம்மா வீட்டுக்கு ரயிலேறிவிட்டாள்.

மறுநாள் பாக்கியநாதன் கடம்பத்தூருக்குப் போனார். "வாங்க மாமா," என்று ஜெயராஜ் பாயைப் போட்டான். குனிந்து விரிக்க முடியாமல் காலால் தள்ளித் தள்ளி விரித்தான்.

"ஜெயராஜு, அன்னைக்கு உள்ள ஒன்ன அடிச்சது..."

"தெரியும் மாமா. 'ஆடாம நில்றா'ன்னு ஒரு கொரல் கேட்டுச்சே. அக்கா கல்யாணத்துலேர்ந்து கேக்குற கொரலு எனக்குத் தெரியாதா?"

பாக்கியநாதன் அவன் காலைத் தொடப் போனார். அவன் பதறி நகர்ந்தான்.

"அக்காகிட்ட சொல்லலியே மாமா?"

"சொல்லிட்டேன்டா. மனசு கேக்கல. அம்மா ஊட்டுக்குப் போயிட்டா."

ஜெயராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எம்முதுகு போனா போவுது, அக்காவுக்கு ஒரு ஊடு இருக்கட்டும்னுதானே நான் வாய மூடிக்கினு கெடந்தேன்! ஒம்மனசு கேக்கலன்னு அதையும் ஒடச்சிட்டு வந்துட்டியே மாமா."