நொடிக்கு அறுபது முறை தட்டும் திரை

“அந்தப் புள்ளைக்கு என்ன வேலைங்க்கா?”

“கம்ப்யூட்டரைக் கம்முனு இருக்க வெக்கற வேலையாமா.”

“அதுக்குமா சம்பளம் குடுக்கறாங்க?”

ஊத்துக்குளி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இது. அவர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர். அந்தப் புள்ளை நான்தான். இறங்கும்வரை துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என் ஆபீசிலேயே என் வேலையை இவ்வளவு சரியாகச் சொன்னவர்கள் கிடையாது.

தட்டல்

பனியன் கம்பெனிகளில் ஓடும் மிஷின்களுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்து கொடுப்பது எங்கள் நிறுவனம். ஒவ்வொரு பேனலிலும் ஒரு திரை, அதற்குப் பின்னால் விலை மலிவான ஒரு ப்ராசசர். திரை ஒரு படத்தை வரைந்து முடித்ததும் ப்ராசசரைத் தட்டி, “முடிஞ்சுது, அடுத்தது என்ன?” என்று கேட்கும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். நொடிக்கு அறுபது முறை தட்டும். திரையில் ஒரு புள்ளிகூட மாறாவிட்டாலும் தட்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் ப்ராசசர் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பதில் சொல்ல வேண்டும். தேவையில்லாதபோது இந்தத் தட்டலை நிறுத்தி, தேவைப்படும்போது மறுபடி எழுப்பிவிடும்படி, டிரைவர் எனப்படும் திரையை இயக்கும் மென்பொருளை எழுதுவதுதான் என் வேலை.

வேலை நேரத்தில் தட்டிக் கூப்பிடப்படுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் டீம் லீடர் கார்த்தி சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். “முடிஞ்சுதாம்மா?” என்பார். போவார், டீ குடிப்பார், வருவார். “முடிஞ்சுதாம்மா?” ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு, “சார், நடுவுல கேட்டா மறந்துடுது சார்” என்று சொல்லியே விட்டேன். நான் அந்த வாரம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அவர் முகம் வாடிவிட்டது.

“நான் எங்கம்மா டிஸ்டர்ப் பண்றேன்? ஸ்டேட்டஸ்தான கேக்கறேன்.”

தாண்டிப் போகும் ஓட்டை

நடராஜ் அண்ணனின் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் மிஷினுக்கு எங்கள் பேனலைப் போட்டிருந்தார்கள். விளக்குப் போட்ட கண்ணாடி மேல் துணி கீழிருந்து மேலே ஓடும். கேமரா ஓட்டையைக் கண்டால் பேனல் மிஷினை நிறுத்த வேண்டும். நின்றதும், முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜெசிந்தா அக்கா ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். முட்டி வலிக்காக வீட்டிலிருந்தே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலி கொண்டு வந்து போட்டிருந்தார்.

மிஷின் நின்றது, ஆனால் தாமதமாக. அதற்குள் ஓட்டை மேலே ஏறிப் பின்பக்க ரோலுக்குள் சுருண்டுவிடும். அக்கா கண்ணாடி முழுக்கத் தேடுவார், எதுவும் இருக்காது. கட்டிங் மேசையில் விரித்தால் ஸ்டிக்கர் இல்லாத ஓட்டைகளாக வரும். அக்காவுக்குக் கண் போய்விட்டது என்று பேச்சு கிளம்பியது. இப்படியே போனால் அவரைப் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றிவிடப் போவதாக நடராஜ் அண்ணன் சொல்லியிருந்தார். அங்கே கூலி குறைவு, முழு நாளும் நிற்க வேண்டும்.

தட்டலுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ப்ராசசர் கேமராவைக் கவனிக்கத் தாமதமாகிறது என்று எனக்குப் பார்த்ததுமே தோன்றியது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். “அண்ணா, தப்பு அக்கா மேல இல்லீங்க, பேனல் மேலதானுங்க.” அவர் பேனலை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

“மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது கண்ணு. மனுசருக்குத்தான் தெரியும்.”

நின்றுபோன மீட்டர்

துணி எத்தனை மீட்டர் ஓடியது என்று திரையில் ஓர் எண் இருக்கும். மீட்டருக்கு ஒரு முறைதான் அது மாறும். நடுவில் திரைக்கு வேலையே இல்லை. ஆனால் பழைய டிரைவர், கடைசி வேலை முடிந்த பிறகும் சில நொடிகள் தட்டிக்கொண்டே இருக்கும். அதற்குள் அடுத்த மீட்டர் வந்துவிடும். ஆக, ஓய்வே கிடையாது. வேலை முடிந்த உடனேயே தட்டலை நிறுத்தும்படி மாற்றினேன். ஆபீசில் அழகாக ஓடியது. கார்த்தி சார் அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

ஆபீசில் சோதனைக்காக எண்ணை விடாமல் ஓடவிட்டிருந்தோம், அதனால் திரை தூங்கவே இல்லை. கம்பெனியில் நடுநடுவே கண்ணயர்ந்தது. எழுந்தபோது, தூக்கத்தில் எத்தனை தட்டல் கடந்து போயிருக்கும் என்று அதற்குத் தெரியவில்லை. போய்விட்ட தட்டலுக்காகக் காத்துக்கொண்டு பழைய எண்ணைக் காட்டியபடியே நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தன் முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பிசிறு வெட்டும் மேசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அங்கே அதில் உட்கார விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

“துணி ஓடுது, மீட்டர் ஓடல. அதையும் நாந்தான் புடிச்சு நிப்பாட்டுனேன்னு சொல்லுதாவ, பிள்ள.”

ஆபீசில் இல்லாத சாமி

கடிகாரத்தைப் பார்த்து, தூங்கிய நேரத்துக்குள் எத்தனை தட்டல் போயிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளும்படி எழுதினேன். மீட்டர் ஒழுங்காக ஓடியது. ஓட்டை மட்டும் பழையபடி தாண்டிப் போனது. “இங்க நல்லாத்தான ஓடுது. அவங்க கரண்டுல ஏதோ கோளாறும்மா” என்றார் கார்த்தி சார். எங்கள் தொழிலில் கடைசிப் பழி எப்போதும் கரண்ட்டுக்குத்தான்.

மறுபடியும் போனேன். டீ நேரம். துணி நின்றிருந்தது, மீட்டர் நின்றிருந்தது, ஆட்களும் வெளியே போயிருந்தார்கள். என் லேப்டாப்பைப் பேனலில் சொருகிப் பார்த்தால் தட்டல் கணக்கு மட்டும் மூச்சுவிடாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றுமே அசையாத இடத்தில் யார் இதை எழுப்பி வைத்திருப்பது? லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்துத் திரையைப் பார்த்தேன். வலது மூலையில் முருகன். முருகனுக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கு. அதன் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. ஓர் அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் திரை ஒரு கணம் கண்ணயரும், சுடர் உடனே எழுப்பிவிடும்.

பேனல் மாட்டிய நாளில் பூஜை போடும்போது நடராஜ் அண்ணன் ஆசைப்பட்டுக் கேட்டாராம், எங்கள் மார்க்கெட்டிங் ஆட்கள் உடனே போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆபீஸ் பேனலில் சாமி இல்லை. தினமும் காலையில் அண்ணன் அந்த மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் மிஷின் ஓடும். அவரிடம் போய், சுடர் ஒவ்வொரு முறை ஆடும்போதும் ப்ராசசர் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது என்று திக்கித் திணறிச் சொல்லி, “அந்த வெளக்க மட்டும் அணைச்சுட்டா…” என்று முடித்தேன்.

“பொட்டப்புள்ள வாயில வர்ற பேச்சா கண்ணு அது? வெளக்கக் குளிர வெக்கறதுன்னுகூடச் சொல்லப் பழகலியா?”

விக்கல்

சுடரை மெதுவாக ஆடவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கார்த்தி சாரும் கேட்டார். செய்தேன். நொடிக்கு இரண்டொரு தடவை மட்டும் அசையும்படி வைத்தேன். ஓட்டை சில நேரம் சரியாக நின்றது, சில நேரம் தாண்டியது. பாதி சரியாவதைப் போல எரிச்சல் தருவது எங்கள் வேலையில் வேறு எதுவும் இல்லை. அண்ணன் வந்து திரை முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஏங்கண்ணு, வெளக்குக்கு விக்கல் எடுக்குதா?”

சுடர்

கடைசியில் சொல்லிப் புரிய வைப்பதை விட்டுவிட்டு, காட்டிவிடலாம் என்று தீர்மானித்தேன். ஓட்டை விழுந்த துணி ஒன்றை ஓடவிடச் சொன்னேன். சுடரைப் பழைய வேகத்திலேயே ஆடவிட்டபோது மிஷின் தாமதமாக நின்றது, கண்ணாடியில் ஓட்டை இல்லை. பிறகு அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது லேப்டாப்பில் சுடரை அசையாமல் நிறுத்தினேன். விளக்கு எரிந்தபடியே இருந்தது, ஆடவில்லை, அவ்வளவுதான். அதே துணியை மறுபடி ஓடவிட்டோம். ஓட்டை கண்ணாடியின் நடுவில் வந்து நின்றது. இன்னொரு முறை ஓட்டினோம். அங்கேயேதான்.

அண்ணன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் திரையின் மூலையைப் பார்த்துவிட்டார். “காத்தில்லாத எடத்துல வெளக்கு ஆடாதுங்கண்ணா” என்றேன். அதுவும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததுதான். சத்தம் கேட்டுக் கையில் கத்தரியோடு வந்து நின்ற ஜெசிந்தா அக்காதான் பேசினார்.

“மொதலாளி, எனக்காவ வெளக்க நிப்பாட்டாண்டாம். நான் பிசிறே வெட்டிக்கிடுதேன். நாளைக்கு ஒண்ணுன்னா சிலுவ போட்ட வேதக்காரி வந்து வெளக்க நிப்பாட்டுனான்னு ஊரே சொல்லும்.”

அண்ணன் வெளியே போய்விட்டார். நான் லேப்டாப்பை மூடவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். கார்த்தி சாரிடமிருந்து போன் வந்தது. “முடிஞ்சுதாம்மா?” போனை வைத்துவிட்டேன்.

அண்ணன் திரும்பி வந்தபோது கையில் பூஜை சாமான் கடைப் பை இருந்தது. உள்ளே, பிளக்கில் சொருகினால் தானே மினுக்கும் ஒரு சின்ன எலக்ட்ரிக் விளக்கு. செருப்பைக் கழற்றினார். விளக்கைப் பேனலின் தலைமேல் வைத்து, வயரைச் சுவர்ப் பிளக்கில் சொருகி, சுவிட்சைப் போட்டார். அது ஆட ஆரம்பித்ததும் கும்பிட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பிசிறு வெட்டும் மேசைக்குப் போய், சுவரோரமாகக் கிடந்த சிவப்பு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, செக்கிங் மிஷினுக்கு முன்னால் போட்டார்.