மேலே ஆள் இருக்கும்போது எடுத்த ஏணி

காலையில், கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு ஒருவர் எழுதிய கோடு (நிரல்) ஒன்றை ரிவ்யூ செய்தேன். கெர்னலில் ஒரு பொருளை எத்தனை பேர், அதாவது நிரலின் எத்தனை பகுதிகள், பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண் இருக்கும். அது பூஜ்ஜியமானால் பொருள் அழிந்துவிடும்.

எழுதியவர், தான் பிடித்திருந்ததை இன்னொருவரிடம் கொடுத்தபோது எண்ணைக் கூட்டவில்லை. "நீங்கள் விட்டதுமே, அவர் கையில் இருக்கும்போதே அழிந்துபோகும். இதுகூடத் தெரியாதா?" என்று காட்டமாக எழுதிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவக் கிளம்பினேன்.

எங்கள் இரும்பு ஏணி எழுபதுகளில் அடித்தது. எருத்தேன்பதியில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். இரவல் வாங்கியவர் திருப்பித் தரமாட்டார், நேராக அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

கடைசியாக வாங்கிய பழனிச்சாமி அண்ணனைக் கேட்டேன்.

"என்ர வேல முடிஞ்சுதுங்க தம்பி. சரசக்கா ஊட்டுச் செவுத்துல சாத்தியிருக்குது, எடுத்துக்கோங்க."

எடுத்து வந்தேன். கால் மணி நேரத்தில் சரசக்காவின் மொட்டை மாடியிலிருந்து சத்தம். மிளகாய் காயப்போட ஏறியிருக்கிறார்.

"ஆருங்க அது, ஏணிய எடுத்தது?"

"நான்தானுங்க அக்கா. பழனிச்சாமியண்ணன் வேல முடிஞ்சுதுன்னாருங்க."

"அவருக்கு முடிஞ்சுதுங்க, எனக்கு? ஏணி உங்களுதுதான், ஆருங்க இல்லைன்னா? மேல ஆளு இருக்குதான்னு பாக்கோணுமல்லங்க?"

அவரை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், கோடு எழுதியவரின் பதில்: "திருத்திவிட்டேன் சார். இது எப்படி உங்கள் கண்ணில் பட்டது?"

"அனுபவம்" என்று போட்டேன். 'இதுகூடத் தெரியாதா' வரியைச் சத்தமில்லாமல் அழித்தேன்.

உங்கள் ஏணி இப்போது யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது? மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள்.