குடித்த காப்பியும் மூன்றாவது ஷாட்டும்

ஸல்த் ஊரில் பிடிவாதத்துக்குப் பரிசு வைத்தால் ஜுமானைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. இருபது வயசு. தினமும் பஸ் பிடித்து அம்மான் நகரத்துக்குப் போய் சினிமா படித்தாள். முதல் வருஷம் இரண்டு பயிற்சிப் படம் எடுத்தாள். இரண்டும் மண்ணைக் கவ்வின.

முதல் படத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். பேசுகிற இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். பாலபாடம். இவள் பாதியில் கோட்டைத் தாண்டிவிட்டாள். திரையில் இரண்டு பேரும் ஒரே திசையில் பார்த்துச் சுவரைத் திட்டினார்கள். இரண்டாவது படத்தில், முன்பின்னாக எடுத்த ஷாட்டுகளை ஒட்டியதால், சிகரெட் பிடிக்கப் பிடிக்க நீளமானது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"மூணாவதுலயும் தப்பு தெரிஞ்சா அடுத்த வருஷம் உனக்கு இங்க இடம் கிடையாது," என்றார் ஆசிரியர் ரம்ஸி. "பேசாம தையல் வகுப்புல சேரும்மா. அங்க ஒட்டுப் போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

"தைக்கவும் தெரியும், உஸ்தாத். ஆனா இங்கதான் இருப்பேன்."

திமிர்தான். அது இல்லாவிட்டால் அவள் முதல் வாரமே மூட்டை கட்டியிருப்பாள்.

மூன்றாவது படத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது ஜாஹா, அதாவது பெரியவர்கள் கூடிப் பெண் கேட்கப் போகும் காட்சி. தலைவர் முன்னால் காப்பி வைப்பார்கள். அவர் தொடமாட்டார். வந்த காரியத்தைச் சொல்வார். பெண்ணின் அப்பா, "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு," என்ற பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும். தலைவராக நடிக்கப் பெரியப்பா அபூ ஸகர் வந்தார். நிஜத்திலேயே நாற்பது ஜாஹாவுக்குத் தலைமை தாங்கியவர். பெண்ணின் அப்பாவாக, அவள் சித்தப்பா என்று கூப்பிடும் ரொட்டிக்கடை அபூ ஹாபிஸ். கேமராவுக்குத் தோழி லியான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து விருந்தினர் அறையில் வேலை தொடங்கியது. ஜுமான் தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டாள். மெத்தை, கோப்பை, மேலங்கியின் மடிப்பு என்று எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துவைத்தாள். முதலில் பெரியப்பாவின் முகம். அப்புறம், ஜன்னல் வெயில் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று, காப்பி குடிக்கிற கடைசிவரை மொத்தக் காட்சி. அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

மூன்றாவது ஷாட், பெரியப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அபூ ஹாபிஸின் முகம். கோப்பையில் மறுபடி காப்பி ஊற்றினாள்.

"இது எதுக்கு?" என்றார் பெரியப்பா.

"மறுபடி கேளுங்க, பெரியப்பா."

"கேட்டாச்சு, குடுத்தாச்சு, குடிச்சாச்சு. கிடைச்ச பொண்ணைத் திரும்பக் கேக்கறதா? ஊர் என்னை என்னன்னு நினைக்கும்?"

"ஐயோ, இது படம்!"

"படமா இருக்கட்டும். காப்பி நிஜம்."

கெஞ்சினாள், கத்தினாள். "நாற்பது வீட்ல வாக்கு காப்பாத்துனவன்டி நான்!" என்று அவர் மேலங்கியைக் கழற்றி மெத்தையில் வீசிவிட்டு வெளியே போய்விட்டார்.

லியான் தலையில் கை வைத்தாள். "போச்சு. மூணு கோணம் கேட்டிருக்காங்க, ரெண்டுதான் இருக்கு. ஃபெயில்."

ஜுமான் மெத்தையருகே போனாள். மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஆணியில் தொங்கிய, பெரியப்பா கட்டியிருந்தது போலவே உள்ள அப்பாவின் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியைக் கட்டிக்கொண்டு தலைவரின் இடத்தில் உட்கார்ந்தாள்.

அபூ ஹாபிஸ் எழுந்தே விட்டார். "ஏம்மா, ஜாஹாவுக்குப் பொம்பளை தலைமையா? எங்கேயாவது உண்டா?"

"இல்லைதான். நான் உட்கார்ந்தாச்சு. நீங்களும் உட்காருங்க, சித்தப்பா. முதுகுதானே தெரியப் போகுது."

"உங்க பெரியப்பா என் கடையைக் கொளுத்துவார்."

"அதையும் படம் எடுக்கலாம். லியான், ஓட்டு!"

அபூ ஹாபிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வசனத்தைச் சொன்னார். முதுகை நிமிர்த்தி, கோப்பையைத் தொடாமல், அவள் கடைசிவரை அசையாமல் இருந்தாள்.

திரையிடும் நாளில் வீட்டாரையும் நடித்தவர்களையும் அழைத்திருந்தார்கள். தன் முகம் பெரிய திரையில் வருகிறது என்று தெரிந்ததும் பெரியப்பாவின் கோபம் பறந்துவிட்டது. முன்வரிசையிலேயே உட்கார்ந்தார். கேமரா கோட்டைத் தாண்டவில்லை. கோப்பை நிறைந்தே இருந்து, குடிக்க வேண்டிய இடத்தில் காலியானது. விளக்கு போட்டதும் ரம்ஸி எழுந்தார்.

"மூணாவது ஷாட்ல தலைவரோட தோள் கொஞ்சம் ஒடுங்கியிருக்கே. ஆள் மாறியிருக்கா?"

ஜுமான் எழுந்தாள். தலையைத் தூக்கினாள். "ஆள் மாறலாம், பாக்கறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு பாடம் சொன்னது நீங்கதான், உஸ்தாத். பாத்தவங்க இதோ இருக்காங்க. யாருக்குத் தெரிஞ்சுதுன்னு கேளுங்க."

கேட்பதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "யாருய்யா தோள் ஒடுங்கினவன்? என் முதுகு எனக்குத் தெரியாதா? அது நான்தான்! ஜாஹாவுல வேற எவன் அப்படி நிமிர்ந்து உட்காருவான்?"

அபூ ஹாபிஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது. ரம்ஸி பெரியவரைப் பார்த்தார், ஜுமானைப் பார்த்தார். தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே படிக்கட்டில் பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படி உட்கார்ந்திருந்தேன் பாத்தியா? மலை மாதிரி!"

"முதல் ரெண்டு ஷாட்ல நீங்கதான், பெரியப்பா," என்றாள் ஜுமான். "மூணாவதுக்கு நீங்க எழுந்து போயிட்டீங்க. அங்க உட்கார்ந்திருந்தது நான்."

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்லுவேன்," என்றாள்.