மல்லிகா நின்ற இடம்

பின்லாந்தின் தம்பெரே நகரத்துப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். வந்த புதிதில் என் நிறம்தான் காரணம் என்று நினைத்து மனம் நொந்தேன். பிறகு பார்த்தால் அவர்களே ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவதில்லை. நிறுத்தத்தில் நிற்கும்போதுகூட இடையில் ஒரு மாட்டுவண்டி போகலாம். எங்கள் நெய்வேலிப் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் மடிக்கு நிற்பவரின் பையும் பிள்ளையும் கேட்காமலே வந்து சேரும். அதை ஊரின் அன்பு என்று அலுவலகத் தோழி ஐனோவிடம் பெருமையடித்தேன். அவள் யோசித்துவிட்டு, "அவ்வளவு நெருக்கத்தில் ஒருவன் வேண்டுமென்றே தொட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எங்கள் ஊரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

கேட்பது அவள் தொழில். என் தொழிலும் அதுதான். பெண்கள் மீதான பாலியல் வன்முறையை முன்கூட்டியே தடுப்பது எப்படி என்று ஆராயும் குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் இந்தியாவில் வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். கடலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் அமைப்போடு சேர்ந்து வேலை செய்ய வாய்ப்பு வந்ததும் நான்தான் நெய்வேலியைச் சொன்னேன். எங்கள் முறை எளிது. வேலைக்குப் போகும் பெண்களோடு அவர்கள் தினமும் போகும் வழியிலேயே நடக்க வேண்டும். நாங்களாக எதுவும் கேட்கக் கூடாது. பயம் வரும் இடத்தில் அவர்கள் நின்றால் நாங்களும் நிற்க வேண்டும். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கும்போது கேட்டதை ஆய்வாளர் வெளியே எவரிடமும் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

மந்தாரக்குப்பத்திலிருந்து நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் டவுன்ஷிப்புக்கு வீட்டுவேலைக்குப் போகிற மல்லிகாவோடு ஒரு காலையில் நடந்தோம். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாத பெண். வழியில் விளக்கில்லாத, தைலமரங்கள் அடர்ந்த ஒரு துண்டுச் சாலை வரும். அங்கே நிற்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ வெங்காய விலையைப் பேசிக்கொண்டே அதைக் கடந்துவிட்டாள். டவுன்ஷிப்புக்குள் வந்தோம். அகலமான சாலை, வரிசையாகப் பலாமரங்கள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், விளக்குக் கம்பத்துக்கும் குறைவில்லை. ஒரு வீட்டின் பின்வாசலுக்கு எதிரே மல்லிகா நின்றாள். பேச்சும் நின்றது.

அது என் சித்தப்பாவின் வீடு. அப்பா இறந்தபின் என்னைப் படிக்கவைத்தவர் அவர். சித்தி பள்ளிக்கூட டீச்சர். நாங்கள் வருகிறோம் என்று அன்றைக்கு அங்கே மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. தாளிக்கும் வாசனை தெருவரைக்கும் வந்தது.

"இந்த வூடுதாங்க," என்றாள் மல்லிகா. "டீச்சரம்மா பள்ளிக்கூடம் போயிட்டா நான் உள்ள போறதில்ல. வெளியவே பாத்திரத்த போட்டு வெளக்கிகினு இருப்பேன். அப்பவும் ஐயா வுடமாட்டாரு. பின்னாடியே வந்து புடிப்பாரு. ரெண்டு வருசமாங்க."

"என்ன சொல்கிறாள்?" என்று ஐனோ கேட்டாள். மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. நான் மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பின்வாசலில் உட்கார்ந்துதான் நான் பிளஸ் டூவுக்குப் படித்தேன். எப்படியோ, "அவர் என் சித்தப்பா" என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அதிர்ந்துபோவாள் என்று நினைத்தேன்.

"தெரியுங்க. ஹால்ல ஒங்க போட்டோவ நான்தான தொடச்சிகினு இருக்கேன். வெளியாளுங்க யாரு சொன்னாலும் டீச்சரம்மா நம்பமாட்டாங்க. வூட்டுப் பொண்ணு சொன்னா நம்புவாங்கன்னுதான் இந்தப் பக்கமா கூட்டியாந்தேன்."

சாப்பிடப் போகவில்லை. தலைவலி என்று சித்திக்கு ஃபோன் செய்தேன். விடுதி அறையில் ஐனோவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் என்னைத் தேற்றவில்லை. தொடக்கூட இல்லை. "இன்றோடு நீ இந்த ஆய்வில் இல்லை" என்றாள். என் குடும்பத்து அசிங்கம் தன் வேலையில் ஒட்டிவிடக் கூடாது என்று கழற்றிவிடுகிறாள், இதுதான் இவர்கள் நாகரிகம் என்று கத்தினேன். நான் கத்தி முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னாள்: "ஆய்வில் இருந்தால் நீ வாய் திறக்க முடியாது. இல்லையென்றால், அந்தப் பெண் கேட்டதைச் செய்யலாம்."

மறுநாள் மல்லிகாவிடம் போய், "சொன்னா வேலை போயிடும்" என்றேன். "போவட்டுங்க. பயந்துகினே பாத்திரம் வெளக்குறதுக்கு இது பரவால்ல" என்றாள். அன்று மாலையே சித்தியிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "ஒரு வேலைக்காரி பேச்சைக் கேட்டு எங்க வீட்டுக்குள்ள வந்து நிக்கிறியே, நீயாடி?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா செய்தித்தாளை மடிக்கவே இல்லை. அந்த நிதானத்தைப் பார்த்தபோதுதான் மல்லிகா சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்கு முழுதாக விளங்கியது. கடலூரில், அந்தச் சட்டப்படி அமைத்த மாவட்டப் புகார்க் குழுவின் முன் மல்லிகா புகார் கொடுத்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் அந்த பிளாக்கில் அவளுக்கு எந்த வீட்டிலும் வேலையில்லை. இப்போது வடலூரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்வருகிறாள். விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது.

போன ஆண்டு விசாரணைக்காக வந்தபோது மல்லிகாவின் வாடகை வீட்டில்தான் தங்கினேன். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நாங்கள் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது எதிரே சித்தி வந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எப்ப வந்த? சாப்பிட்டியா?" என்று என் கையைப் பிடித்தார். அடுத்த நொடி என் தோளுக்குப் பின்னால் மல்லிகாவைப் பார்த்தார். பிடித்த கையை மெதுவாக விட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கூட்டத்துக்குள் போனார். மல்லிகாதான் அவர் காதில் விழும்படி உரக்கச் சொன்னாள்:

"சாப்புட்டாங்க டீச்சரம்மா. எங்க வூட்லதான் சாப்புட்டாங்க."